பத்திரம் யார் கையில்? ரெய்டு கார்டும் இசட்எஃப்எஸ்ஸும்: வன்பொருள் மாற்றத்துக்கு முன் ஓர் ஒப்பாய்வு

சர்வர் பழசாகிவிட்டது. மதர்போர்டையும் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும். முடிந்தால் டிஸ்க்குகளையும் பெரிதாக்க வேண்டும். போட்டோ ஸ்டுடியோ, கல்லூரி ஆய்வகம், ஆடிட்டர் அலுவலகம் என எங்கு சர்வர் இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த வேலை வந்தே தீரும். கழற்றி மாட்டுவது அரைநாள் வேலை. உள்ளே இருக்கும் தரவு பிழைக்குமா என்பதை அதற்கு முன் செய்யும் ஆயத்தம்தான் தீர்மானிக்கிறது.

ஆனால் அந்த ஆயத்தம் எல்லா அமைப்புக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை. பல டிஸ்க்குகளை ஒரே கிடங்காகக் காட்டும் வழிகளில் எதிரெதிர் முனைகளில் நிற்பவை இரண்டு. பொறுப்பு முழுவதையும் தனி ரெய்டு கார்டிடம் ஒப்படைப்பது ஒன்று. கார்டே இல்லாமல் எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் மற்றொன்று. ஒரே மேம்படுத்தல் வேலைக்கு இந்த இரண்டும் நம்மிடம் என்னென்ன கேட்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இரண்டின் பிறப்பு

ரெய்டு என்ற யோசனைக்கு வடிவம் கொடுத்தது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. ஐபிஎம் 3380 போன்ற விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்று செய்யும் வேலையை மலிவான சிறு டிஸ்க்குகள் பல சேர்ந்து செய்யட்டும். அவற்றில் ஒன்று கெட்டால் மற்றவற்றில் உள்ள பேரிட்டிக் கணக்கிலிருந்து இழந்ததை மீட்கலாம் என்பதே அதன் சாரம். இந்தக் கணக்கைப் போடத் தனி ப்ராசஸரும் தனி நினைவகமும் கொண்ட கார்டுகள் சந்தைக்கு வந்தன. எட்டு டிஸ்க் இருந்தாலும் இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒரே பெரிய டிஸ்க்தான் தெரியும். பின்னால் நடப்பது கார்டுக்கு மட்டுமே தெரியும்.

இசட்எஃப்எஸ் அடுத்த தலைமுறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மாத்யூ ஆரென்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கிய வேலை அது. 2005இல் அதன் மூலநிரல் வெளியானது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பின், திறந்த மூலநிரலை வளர்த்துவந்தவர்கள் 2013இல் ஓப்பன் இசட்எஃப்எஸ் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். டிஸ்க்குகளைச் சேர்க்கும் வேலையும் கோப்புகளை அடுக்கும் வேலையும் இதில் ஒரே மென்பொருளின் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு பிளாக்குக்கும், அது கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் உண்டு. அந்தச் செக்சம் பிளாக்கோடு சேர்ந்து இருக்காது. அதைச் சுட்டும் மேல்நிலைப் பிளாக்கில் இருக்கும். கெட்ட பிளாக் தன்னைத் தானே நல்லது என்று சொல்லிக்கொள்ள முடியாத ஏற்பாடு இது.

வரைபடம் இருக்கும் இடம்

எந்த டிஸ்க் எத்தனையாவது, தரவு எத்தனை கேபி துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது, பேரிட்டி எந்த வரிசையில் சுழல்கிறது என்ற வரைபடம் இல்லாவிட்டால், டிஸ்க் எல்லாம் நலமாக இருந்தும் அவற்றில் உள்ளவை பொருளற்ற பைட்டுகளே. வீட்டுக்குப் பத்திரம் எப்படியோ, தரவுக்கு இந்த வரைபடம் அப்படி. ஆயத்தத்தின் மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

ரெய்டு கார்டு தன் வரைபடத்தை டிஸ்க்குகளிலும் எழுதிவைக்கிறது. ஆனால் எழுதும் மொழி அதனுடையது. ‘டிடிஎஃப்’ என்றொரு பொது வடிவம் இருக்கிறது. மெகாரெய்டு வகைக் கார்டுகள் அதைப் பின்பற்றுகின்றன. வேறு பல கார்டுகள் தத்தம் சொந்த வடிவத்தையே பயன்படுத்துகின்றன. ஆகவே கார்டு வைத்திருப்பவர் முதலில் ஆயத்தம் செய்ய வேண்டியது கார்டுக்கே. அதன் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ரெய்டு நிலை, ஸ்ட்ரைப் அளவு, எந்த இடத்தில் எந்த வரிசை எண் கொண்ட டிஸ்க் என்ற விவரங்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாள் அதே சர்வருக்குள் ஒரு கோப்பாக இருந்தால் பயனில்லை. புதிய மதர்போர்டில் பழைய கார்டைச் செருக இடம் இருக்கிறதா, அது அங்கே இயங்குமா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். அதே மாடலில் இன்னொரு கார்டை வாங்கி வைப்பது வீண்செலவு ஆகாது.

இசட்எஃப்எஸ் தன் வரைபடத்தை ஒவ்வொரு டிஸ்க்கிலும் நான்கு பிரதிகளாக வைக்கிறது. தலைப்பகுதியில் இரண்டு, வால்பகுதியில் இரண்டு. ஒவ்வொன்றும் 256 கேபி. இசட்எஃப்எஸ் ‘பூல்’ என்று அழைக்கும் கிடங்கின் பெயர், அடையாள எண், டிஸ்க்குகளின் அமைப்பு எல்லாம் அதில் உண்டு. எந்த டிஸ்க்கை எந்தப் போர்ட்டில் மாட்டினாலும் அது தன் இடத்தைச் சொல்லிவிடும். ஓப்பன் இசட்எஃப்எஸ் நிறுவிய எந்தக் கணினியும், பதிப்பு பொருந்தினால், அதைப் படித்துக்கொள்ளும்.

இதனால் இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர் நிம்மதியாக இருந்துவிடலாம் என்பதில்லை. பூலுக்கு வெளியே தங்கிவிடும் பொருள்கள்தான் அவருக்கு வினை. என்க்ரிப்ஷன் சாவிக் கோப்பு பழைய பூட் டிஸ்க்கிலேயே கிடக்கலாம். இசட்எஃப்எஸ்ஸில் இயங்கும் ட்ரூநாஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர் அமைப்புக் கோப்பைத் தரவிறக்கும்போது ரகசிய விதையையும் சேர்த்து எடுக்க மறக்கலாம். எல்லாவற்றையும் விட, பழைய மதர்போர்டின் எம்.2 துளையில் இருக்கும் சிறிய எஸ்எஸ்டியை அப்படியே விட்டுவிடலாம். அது பூலின் ‘லாக்’ சாதனமாக இருந்தால் கடைசிச் சில விநாடி எழுத்துகளோடு போகும். ‘ஸ்பெஷல்’ சாதனமாக இருந்தால் அது இல்லாமல் பூல் திறக்கவே திறக்காது.

கார்டையும் இசட்எஃப்எஸ்ஸையும் கலப்பவர்களும் உண்டு. ரெய்டு கார்டில் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு-0 ஆக அமைத்து, அதன்மேல் இசட்எஃப்எஸ் போடுவார்கள். அப்போது வரைபடம் இரண்டு அடுக்காகிறது. கார்டு போனால் கீழடுக்கைப் படிக்க ஆளில்லாமல் போகலாம். இரு முறைகளின் குறைகளும் ஒன்றுசேரும் இடம் அது. இசட்எஃப்எஸ்ஸுக்கு டிஸ்க்கை நேராகக் காட்டும் ஹெச்பிஏ கார்டே போதும்.

நலம் பார்ப்பது

பழைய டிஸ்க்குகள் பயணத்துக்குத் தயாரா என்று பார்க்க இரண்டுக்கும் பொதுவான கருவி, டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கை. 5 (மாற்றி ஒதுக்கிய செக்டார்), 197 (காத்திருக்கும் செக்டார்), 198 (திருத்த முடியாதவை) ஆகிய மூன்று வரிகளில் எண் ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க்கை முதலில் மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. இசட்எஃப்எஸ்ஸில் இதை நேராகப் பார்க்கலாம். கார்டின் பின்னால் ஒளிந்திருக்கும் டிஸ்க்கைக் கேட்க, அந்தக் கார்டின் சொந்தக் கருவியோ, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் கார்டின் வகையைச் சொல்வதோ தேவைப்படும். இதைத் தெரியாமல் ‘எல்லாம் பச்சை விளக்கு’ என்று நம்பியிருப்போர் அதிகம்.

அடுத்தது முழு வாசிப்பு. கார்டின் ‘பேட்ரோல் ரீட்’ டிஸ்க்கின் எல்லாச் செக்டார்களையும், காலியானவற்றையும் கூட, படித்துப் பார்க்கிறது. ‘கன்சிஸ்டென்சி செக்’ தரவையும் பேரிட்டியையும் ஒப்பிடுகிறது. ஆனால் ஒற்றைப் பேரிட்டி கொண்ட ரெய்டு-5இல் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது தவறு என்று கார்டுக்குத் தெரிய வழியில்லை. தரவே சரி என்று வைத்துக்கொண்டு பேரிட்டியைத் திருத்தி எழுதுவதே வழக்கம். இசட்எஃப்எஸ்ஸின் ‘ஸ்க்ரப்’ செக்சமை வைத்து எந்தப் பிரதி கெட்டது என்று கண்டுபிடித்து, நல்ல பிரதியிலிருந்து சரிசெய்கிறது. சரிசெய்ய முடியாத கோப்பு எது என்று பெயரைச் சொல்லிவிடுகிறது. நேர்மையான அறிக்கை என்ற அளவில் இங்கே இசட்எஃப்எஸ்ஸுக்கு நிகரில்லை. ஆனால் ஸ்க்ரப் தரவு உள்ள இடங்களை மட்டுமே படிக்கும். காலி இடத்தில் கிடக்கும் கோளாறு அதற்குத் தெரியாது. அதற்கு ஸ்மார்ட் நீண்ட சோதனையைத் தனியாக ஓட்ட வேண்டும்.

வரிசையும் முக்கியம். முழு வாசிப்பு என்பது மூப்படைந்த டிஸ்க்குக்குப் பெரிய உழைப்பு. நொடித்துப்போக அது போதும். அதனால் பேக்கப் முதலில், ஸ்க்ரப் பிறகு. பெரிய பூலுக்கு இது ஒருநாளைத் தாண்டலாம் என்பதால் மேம்படுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

நிறுத்தும் முறை

கார்டின் பலவீனம் அதன் வேகத்திலேயே இருக்கிறது. ‘ரைட்-பேக்’ முறையில், தரவு கார்டின் நினைவகத்துக்கு வந்தவுடனேயே ‘எழுதியாயிற்று’ என்று இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். டிஸ்க்குக்குப் போவது பிறகுதான். மின்சாரம் போனால் அதைக் காப்பது கார்டில் இருக்கும் பேட்டரி. அந்தக் காவலும் ஓரிரு நாள், மிஞ்சினால் மூன்று நாள். புதிய கார்டுகளில் சூப்பர் கெப்பாசிட்டர் உதவியோடு ஃப்ளாஷில் எழுதிவைத்துக்கொள்ளும் வசதி உண்டு. எப்படியிருந்தாலும், வேலைக்கு முன், டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும் ‘ரைட்-த்ரூ’ முறைக்கு மாற்றி, இயங்குதளத்தின் வழியாக முறையாக அணைத்த பிறகே கார்டைத் தொட வேண்டும். அப்படிச் செய்யாமல் பிடுங்கினால், எழுதப்படாத தரவைக் கையில் வைத்துக்கொண்டு கார்டு காத்திருக்கும். அதன் பழைய டிஸ்க்குகளைக் காட்டாமல் ‘டிஸ்கார்ட்’ என்று அழுத்துபவர் அந்தத் தரவைக் கைகழுவுகிறார் என்று பொருள்.

இசட்எஃப்எஸ் பழைய பிளாக்கின்மேல் எழுதுவதில்லை. புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டியை மாற்றுகிறது. திடீரென மின்சாரம் போனாலும் கடைசிச் சில விநாடிகள் போகுமே தவிர, கட்டமைப்பு குலையாது. ஆனாலும் அதற்கென்று ஒரு முறையான விடைபெறல் உண்டு. அதுதான் ‘எக்ஸ்போர்ட்’. எழுத வேண்டியதை எழுதி, பூலை இறக்கி, ‘இது இப்போது யாரிடமும் இல்லை’ என்று டிஸ்க்குகளில் குறித்துவைக்கும் கட்டளை அது. இதைச் செய்யாமல் டிஸ்க்கைக் கொண்டுபோனால், இந்தப் பூலைக் கடைசியாகப் பயன்படுத்தியது வேறொரு கணினி என்று புதிய கணினி மறுக்கும். கட்டாயப்படுத்தித் திறக்கலாம்தான். ஒரே டிஸ்க் பெட்டி இரண்டு சர்வர்களோடு இணைந்திருக்கும் இடத்தில் அந்தக் கட்டாயம் பூலையே அழிக்கும்; இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுதினால் மீட்சி இல்லை.

புதிய இயந்திரத்தில் முதல் தடவை

இரண்டு முறைக்கும் முதல் விதி ஒன்றே: தரவு டிஸ்க்குகளை மாட்டாமல் புதிய இயந்திரத்தை ஓரிரவு ஓட்டி, ராமைச் சோதிக்க வேண்டும். கெட்ட ராம் வழியாகப் போகும் தரவு கெட்டுத்தான் டிஸ்க்குக்கு வரும். செக்சமே அந்தக் கெட்ட தரவுக்குக் கணக்கிடப்பட்டால் இசட்எஃப்எஸ்ஸும் ஏமாறும்.

அதன்பின் பாதைகள் பிரிகின்றன. மெகாரெய்டு வகையில் புதிய கார்டு பழைய டிஸ்க்குகளைக் கண்டதும் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று அறிவித்து, ‘இம்போர்ட்’, ‘கிளியர்’ என்று இரண்டு வழி காட்டும். முதலாவது வரைபடத்தை ஏற்கிறது, இரண்டாவது அழிக்கிறது. ஒரு கேபிள் தளர்ந்து ஏழு டிஸ்க் மட்டும் தெரியும் நேரத்தில் இம்போர்ட் கொடுத்தால், எட்டாவது பின்தங்கிப்போய், அதை முழுதாக மீட்டுக் கட்டும் ரீபில்டு வேண்டியிருக்கும். ஆக, எல்லா டிஸ்க்கும் பட்டியலில் வந்த பிறகே விசையில் கை வைக்க வேண்டும்.

இசட்எஃப்எஸ்ஸில் பெயர் சொல்லாமல் ‘இம்போர்ட்’ கட்டளை கொடுத்தால் எதையும் திறக்காது. என்னென்ன பூல்கள் தெரிகின்றன, எந்த டிஸ்க் குறைகிறது என்று மட்டும் சொல்லும். அதன்பின் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் திறந்து, கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு, பிறகு எழுதும் முறையில் திறக்கலாம். டிஸ்க்கில் ஒரு பைட்டும் மாறாமல் ஒத்திகை பார்க்க இடம்தருவது இதன் பெரிய சலுகை.

டிஸ்க்கைப் பெரிதாக்கும்போது

இந்த இடத்தில் கார்டுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ரெய்டு-5, ரெய்டு-6 தொகுப்பில் டிஸ்க் ஒன்றைக் கூட்டி விரிவாக்கும் வசதியைப் பல கார்டுகள் நெடுங்காலமாகத் தருகின்றன. இசட்எஃப்எஸ்ஸின் பேரிட்டி முறையான ரெய்டுஇசட் தொகுப்புக்கு அது 2025 ஜனவரியில் வெளியான ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3இல்தான் வந்தது. அதற்கு முன் டிஸ்க் கூட்ட நினைத்து ‘ஆட்’ கட்டளையில் ஒற்றை டிஸ்க்கைச் சேர்த்தவர்கள் சிக்கினார்கள். ரெய்டுஇசட் உள்ள பூலில் அப்படிச் சேர்ந்ததைப் பிறகு நீக்க முடியாது. கட்டளை எச்சரித்து மறுக்கும். கட்டாயப்படுத்தியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றுவதானால், பழையதைப் பிடுங்காமல் புதியதைக் கூடுதல் இடத்தில் மாட்டி நகலெடுக்க இரண்டிலும் வழியுண்டு. இசட்எஃப்எஸ்ஸில் அது ‘ரீப்ளேஸ்’. பல கார்டுகளில் ‘காப்பிபேக்’. பிடுங்கிவிட்டு ரீபில்டு செய்வதை விட இது பாதுகாப்பானது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சாதாரண டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில், ஒரு கோடி கோடி பிட் படித்தால் அதிகபட்சம் ஒரு வாசிப்புப் பிழை என்று இருக்கும். அது சுமார் 12.5 டெராபைட். ஒரு டிஸ்க் இல்லாத ரெய்டு-5இல் அப்படியொரு பிழை வந்தால் சில கார்டுகள் ரீபில்டையே கைவிடும். இசட்எஃப்எஸ் அந்தக் கோப்பை மட்டும் இழந்ததாக அறிவித்துவிட்டு மேலே போகும்.

வாங்கும்போது செக்டார் அளவையும் பாருங்கள். 512 பைட் தொகுப்பில் 4096 பைட் டிஸ்க்கை இரண்டுமே ஏற்க மறுக்கக்கூடும். எழுதும் முறையையும் கேளுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகளில், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் முறை இருப்பதை 2020இல்தான் ஒப்புக்கொண்டது. தொகுப்பை மீட்டுக் கட்டும் நேரத்தில் அந்த முறை மிகவும் தள்ளாடும்.

பின்வாங்கும் வழி

நல்ல ஆயத்தத்தின் அளவுகோல், தோற்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது. கார்டில் விரிவாக்கமோ ரெய்டு நிலை மாற்றமோ தொடங்கிவிட்டால் நடுவில் திரும்ப முடியாது. திரும்ப ஒரே வழி, தொடாத பேக்கப். ஃபர்ம்வேர் புதுப்பித்தலையும் இந்த வேலையோடு ஒரே நாளில் சேர்க்கக் கூடாது.

இசட்எஃப்எஸ்ஸில் ‘செக்பாயின்ட்’ என்றொரு வசதி உண்டு. முழுப் பூலின் நிலையையும் குறித்துவைத்து, தவறாக ஆட் செய்த டிஸ்க்கோடு சேர்த்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும். ஆனால் அது இருக்கும்வரை டிஸ்க்கை நீக்கவோ கண்ணாடிப் பிரதியாக இணைக்கவோ முடியாது. வேலை முடிந்ததும் கலைத்துவிட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ‘புதிய வசதிகள் உள்ளன, அப்கிரேடு செய்யவும்’ என்று புதிய கணினி ஆசை காட்டும். அதைச் செய்துவிட்டால் பழைய பதிப்பு உள்ள கணினி அந்தப் பூலைத் திறக்காமல் போகலாம். சில வாரம் ஓடட்டும். பழைய இயந்திரம் வேண்டாம் என்று உறுதியான பின் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாலும் காக்க முடியாதவை

ரெய்டும் இசட்எஃப்எஸ்ஸும் டிஸ்க் கெடுவதைத் தாங்கும். மனிதத் தவறைத் தாங்காது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்தார். ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் எதிர்பார்த்தபடி உதவவில்லை. ஒன்று பதிப்புப் பொருத்தமின்மையால் ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன் எடுத்த பிரதிதான் கைகொடுத்தது. ஆகவே பேக்கப் இருக்கிறது என்ற பேச்சு போதாது. அதிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்தால்தான் அது பேக்கப்.

அந்தப் பேக்கப்பையே அழிக்கும் பொறி ஒன்றும் உண்டு. பூல் இன்னும் திறக்கப்படாத புதிய கணினியில், இரவில் தானாக ஓடும் ஆர்சிங்க் வேலை ‘மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கு’ என்ற விருப்போடு இருந்தால், காலிக் கோப்புறையைப் பார்த்துப் பேக்கப்பைத் துடைத்துவிடும். எல்லாத் தானியங்கி வேலைகளையும் முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள்.

மின்சாரமும் பாரபட்சம் பார்க்காது. பவர் சப்ளையை மாற்றினால் அதன் மாடுலர் கேபிள்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாட்டுமுனை பொருந்தினாலும் ஊசிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் எரியும். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும் என்பதையும் கணக்கில் வைத்துச் சப்ளையைத் தேர்ந்தெடுங்கள்.

தீர்ப்பு

இயந்திரம் மாறும், தரவு நிலைக்க வேண்டும் என்ற தேவைக்கு இசட்எஃப்எஸ் மேலானது. வரைபடம் டிஸ்க்கிலேயே, பலரும் படிக்கக்கூடிய வடிவில் இருக்கிறது, ஒத்திகை பார்க்கலாம், கெட்டதைப் பெயரோடு சொல்கிறது. ரெய்டு கார்டு தகுதியற்றது என்பதில்லை. மாற்றுக் கார்டைச் சில மணி நேரத்தில் கொண்டுவந்து தரும் ஒப்பந்தம் உள்ள நிறுவனத்துக்கு அது இன்றும் நம்பத்தக்கதே. அந்த ஒப்பந்தம் இல்லாத சிறு அலுவலகங்கள்தான் ஒரே கார்டின் ஆயுளில் தங்கள் தரவைக் கட்டிவைத்திருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, மதர்போர்டு மாற்றும் அதே நாளில் கார்டிலிருந்து இசட்எஃப்எஸ்ஸுக்கு மாறிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். அந்த மாற்றத்துக்கு டிஸ்க்குகளை முழுதாக அழித்தாக வேண்டும். முதலில் இருப்பதை இருக்கும் முறையிலேயே பத்திரமாகப் புதிய இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள். முறை மாற்றத்தைப் புது டிஸ்க்குகள் வாங்கும்போது, பழையவற்றைத் தொடாமல், தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.